கப்பலில் தண்ணீர்க் கணக்கு

கடற்பயணம் என்றதும் நம் மனத்தில் எழும் சித்திரத்தில் புயல் உண்டு, பாய்மரம் உண்டு, கொள்ளையர் உண்டு, கரையில் காத்திருக்கும் காதலியும் உண்டு. தண்ணீர்ப் பீப்பாய் மட்டும் இல்லை. ஆனால் பாய்மரக் காலத்தில் ஒரு கலம் எத்தனை நாள் கரை காணாமல் ஓடலாம் என்பதைக் காற்றோடு சேர்ந்து தீர்மானித்தது அந்தப் பீப்பாய்தான். கடல் நடுவே தாகத்தால் வாடும் மனிதனை உலகக் கவிஞர் பலர் பாடியிருக்கின்றனர். வரலாறு அவனைப் பாடவில்லை, கணக்கெழுதி வைத்திருக்கிறது. ஆளுக்கு எவ்வளவு, யாருக்கு முதலில், யாருக்கு இல்லை என்னும் அந்தக் கணக்கேட்டின் சில பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் எளிய கணக்கொன்று. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அவ்வளவு உப்பை வெளியேற்ற, குடித்த நீரைவிட அதிக நீரை நம் உடல் இழக்க வேண்டியிருக்கும். ஆகவே கடல்நீரைக் குடித்தவன் தாகத்தாலேயே மடிவான். நல்ல தண்ணீரைக் கரையிலிருந்தே சுமந்து செல்ல வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும், 300 பேர் 100 நாள் செல்வதற்கு 90,000 லிட்டர், அதாவது 90 டன் தண்ணீர் தேவை. சரக்கேற்றிச் சம்பாதிக்க வேண்டிய இடத்தைத் தண்ணீர் அடைத்துக்கொள்கிறது. கப்பல் முதலாளியின் பேரேட்டில் தண்ணீர் எப்போதும் செலவுப் பக்கத்திலேயே நின்றது.

அப்படிச் சுமந்த தண்ணீரும் நெடுநாள் தாங்கியதில்லை. மரப்பீப்பாயில் தேங்கிய நீர் சில வாரங்களிலேயே பாசி பிடித்து, நிறம் மாறி, நாற்றமெடுத்தது. மகெல்லனுடன் சென்ற இத்தாலியரான அந்தோனியோ பிகாஃபெட்டா, 1520-21இல் பசிபிக் பெருங்கடலைக் கடந்த மூன்று மாதம் இருபது நாட்களில் மஞ்சளாகி அழுகிப்போன நீரைக் குடித்ததைத் தம் குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். ஆங்கிலக் கடற்படையில் மாலுமிக்கு நாள்தோறும் ஒரு கேலன் பீர் அளிக்கப்பட்டதை நாம் ஆடம்பரம் என்று எண்ணிவிடக்கூடாது. தண்ணீரைவிட அது கெடாமல் இருக்கும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

மாலுமியின் கதை இது. பயணியின் கதை இதனினும் வேறுபட்டது. கப்பலில் அவனுக்கு வேலை இல்லை; ஆகவே பண்டம் குறையும்போது அவன் வெறும் வாயாகக் கணக்கிடப்படும் ஆபத்து உண்டு. இதற்கு மிகப் பழைய சாட்சிகளுள் ஒருவர் சீனத் துறவி பாஹியான். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து சாவகத் தீவை அடைந்து, அங்கிருந்து வேறொரு கலத்தில் சுமார் 200 பேருடன் அவர் சீனத்துக்குப் புறப்பட்டார். வழியில் பெரும்புயல் வீசியது. இத்துன்பத்துக்குக் காரணம் இந்தப் பௌத்தத் துறவிதான், இவனை ஏதேனும் ஒரு தீவில் இறக்கிவிடுவோம் என்று உடன்வந்த பிராமணர்கள் ஆலோசித்தனர். அவருக்காகப் பரிந்து பேச ஒருவர் இருந்ததால் பிழைத்தார். பயணம் எழுபது நாளைக் கடந்தபோது தண்ணீர் தீரும் நிலை வந்தது. சமையலுக்குக் கடல்நீரைப் பயன்படுத்திக்கொண்டு, எஞ்சிய நன்னீரைத் தலைக்கு இத்தனை என்று அளந்து பங்கிட்டனர். கப்பல் திசை மாறிச் சீனத்தின் வடகரையை அடைந்த பிறகே அந்தப் பங்கீடு முடிந்தது.

இந்நிகழ்ச்சியைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு மணிமேகலையின் ஆபுத்திரன் நினைவுக்கு வராமல் இரான். அவனும் சாவக நாட்டுக்குக் கலமேறியவன்தான். காற்று மிகுந்து கலம் மணிபல்லவத்தில் தங்கியபோது அவன் இறங்கினான்; அவன் ஏறிவிட்டதாக எண்ணிக் கலம் போய்விட்டது. பிறர் பசியைப் போக்கவே பெற்ற அமுதசுரபி, ஆளில்லாத் தீவில் பயனற்றதாயிற்று. அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தான். காப்பியக் கதைக்கும் பயணக் குறிப்புக்கும் நேர்த் தொடர்பு எதையும் நான் கூறவில்லை. ஆயினும் அக்காலக் கடல்வழியில் பயணி ஒருவன் தீவில் விடப்படுவது நடக்கக்கூடிய ஒன்றாகவே கருதப்பட்டது என்பதை இரண்டும் சேர்ந்து காட்டுகின்றன. ஒன்றில் அது தவறுதலாக நிகழ்ந்தது. மற்றொன்றில் திட்டமாகவே பேசப்பட்டது.

பாஹியானின் கப்பலில் நின்றுபோன அந்த எண்ணம், பதின்மூன்று நூற்றாண்டுகள் கழித்து அட்லாண்டிக் பெருங்கடலில் செயலாயிற்று. 1781ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில், ஆப்பிரிக்க அடிமைகளை ஏற்றிக்கொண்டு ஜமைக்காவுக்குச் சென்ற 'சாங்' என்னும் ஆங்கிலக் கப்பல் வழிதவறித் தீவைக் கடந்து சென்றுவிட்டது. தண்ணீர் போதாது என்று முடிவு கட்டிய கப்பலோர், சில நாட்களில் 130க்கும் மேற்பட்ட அடிமைகளை உயிருடன் கடலில் எறிந்தனர். உரிமையாளர்கள் தலைக்கு 30 பவுன் வீதம் காப்பீட்டுப் பணம் கோரினர். 1783இல் லண்டனில் நடந்த வழக்கு கொலை வழக்கன்று. சரக்கு இழப்புக்கான காப்பீட்டு வழக்கு. முதலில் நடுவர் குழு உரிமையாளர் பக்கமே தீர்ப்பளித்தது. மேல் விசாரணையில், இடையில் மழை பெய்து நீர் சேர்ந்த பிறகும் சிலர் எறியப்பட்டனர் என்பது வெளிவந்தது. கப்பல் ஜமைக்காவை அடைந்தபோது அதில் 420 கேலன் தண்ணீர் மீதமிருந்தது. கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

அந்த 420 கேலன் என்னும் எண்ணை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சிறிது நேரம் பேசாமல் இருப்பார்கள். தண்ணீர்ப் பற்றாக்குறை என்பது இயற்கையின் செயல் என்றே நாம் நம்பப் பழகியிருக்கிறோம். அது சில வேளைகளில் ஒரு சாக்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதே காலத்தில்தான் கடல்நீரைக் குடிநீராக்கும் முயற்சிகளும் மும்முரமாக நடந்தன. கடல்நீரின் ஆவி குளிர்ந்தால் நன்னீராகும் என்பதை அரிஸ்டாட்டிலே அறிந்திருந்தார். அதைக் கப்பலில் செய்வதுதான் கடினம். எரிக்க விறகு வேண்டும்; அடுப்பு வேண்டும்; விறகும் இடத்தை அடைக்கும். எலுமிச்சையால் ஸ்கர்வி நோய் தீரும் என்று சோதித்துக் காட்டிய மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், வேறு பொருள் எதுவும் சேர்க்காமல் கடல்நீரைக் காய்ச்சி வடித்தாலே போதும் என்று 1760களின் தொடக்கத்தில் எடுத்துரைத்தார். சமையல் கொப்பரையோடு இணைக்கத்தக்க வடிகலம் ஒன்றை அமைத்த சார்லஸ் இர்விங்குக்கு 1772இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 5,000 பவுன் பரிசளித்தது. அமெரிக்க வெளியுறவுச் செயலராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் 1791இல் அளித்த அறிக்கை இன்னும் சுவையானது. கடல்நீரை வடிக்கும் எளிய முறையைக் கப்பல்களுக்குத் தரும் அனுமதிச் சீட்டின் பின்பக்கத்திலேயே அச்சிட்டுக் கொடுக்கலாம் என்பது அவர் யோசனை. உயிர்காக்கும் அறிவு எவருக்கும் தனியுடைமையாகாமல் எல்லாக் கலங்களுக்கும் சேர வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது.

நம் ஊர்ச் சோடாவின் பூர்விகமும் இக்கடல்வழியில் இருக்கிறது என்றால் வியப்பாக இருக்கும். தண்ணீரில் கரியமில வாயுவை ஏற்றும் முறையை ஜோசப் பிரீஸ்ட்லி 1772இல் சிறுநூலாக வெளியிட்டபோது, நெடுங்கடற் பயணங்களில் ஸ்கர்வியைத் தடுக்க அது உதவும் என்றே நம்பினார். ஸ்கர்வி அதனால் தீரவில்லை. ஆனால் அடுத்த நூறாண்டில் சோடா உலகெங்கும் பரவியது. 1872இல் ஹைராம் காட் கோலியடைத்த கண்ணாடிக் குப்பிக்குக் காப்புரிமை பெற்றார். அது நம் பெட்டிக்கடைவரை வந்து சேர்ந்தது. தாகத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் பிறந்தன. எனினும் அவ்வழிகள் எல்லாப் பயணிகளுக்கும் திறந்திருந்தனவா என்பதே கேள்வி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனிலிருந்து வட அமெரிக்காவுக்கு ஏழைகள் பெருந்திரளாகப் புறப்பட்டபோது, பயணியின் தண்ணீர் சட்டத்தின் தெளிவான அளவுக்குள் வந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 3 குவார்ட், அதாவது ஏறத்தாழ 3.4 லிட்டர் என்று 1842ஆம் ஆண்டின் பயணிகள் சட்டம் விதித்தது. ஏட்டில் எழுதிய அளவு, கலத்தில் என்ன ஆயிற்று? அயர்லாந்துப் பஞ்சத்தின் கொடிய ஆண்டான 1847இல், ஸ்டீபன் டி வெர் என்னும் நிலக்கிழார் தம் குடியானவர்களுடன் கீழ்த்தளப் பயணியாகவே கனடாவுக்குச் சென்றார். கப்பலில் தண்ணீர் ஏராளமாக ஏற்றப்பட்டிருந்தும், பயணிகளுக்கு மிகச் சொற்பமாகவே அளக்கப்பட்டது என்று அவர் எழுதிய கடிதம் சொல்கிறது. உப்பிட்ட இறைச்சியையும் அரிசியையும் வேகவைக்கத் தண்ணீரின்றிப் பலர் அவற்றைக் கடலில் கொட்டினர். கேலன் அளவை என்று சொல்லப்பட்ட பாத்திரத்தில் மூன்று குவார்ட்தான் கொண்டது. கேலனுக்கு நான்கு குவார்ட் என்பது எல்லாரும் அறிந்த கணக்கு. கியூபெக்கில் இறங்கியதும் அவர் இதை நிரூபித்துக் கப்பல் தலைவனுக்கு அபராதம் விதிக்கச் செய்தார். கீழ்த்தளத்தில் பயணம் செய்த ஒருவர் எழுதத் தெரிந்தவராகவும் எழுதினால் கேட்கப்படுபவராகவும் இருந்தமையால்தான் அந்தக் கள்ள அளவை நமக்குத் தெரிய வந்தது.

எழுதத் தெரியாத இலட்சக்கணக்கானோர் வேறொரு பெருங்கடலில் சென்றுகொண்டிருந்தனர். 1834இல் மொரீஷியசுக்குத் தொடங்கிய ஒப்பந்தக் கூலிப் பயணம் பின்னர் கரீபியன் தீவுகள், நேட்டால், ஃபிஜி என விரிந்தது. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல், 342 பேருடன் நவம்பர் 16ஆம் நாள் டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஏறத்தாழ 1,52,000 பேரில் மூன்றில் இரு பங்கினர் சென்னைவழிச் சென்றவர்கள். அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களும் அரிசியும் குடிநீரும் அலைகளைத் தாண்டிப் படகில் சென்றே ஏற வேண்டும்.

இக்கப்பல்களில் மரணம் தண்ணீர் வழியாகவே பெரும்பாலும் ஏறியது. 1856-57 பருவத்தில் கல்கத்தாவிலிருந்து கரீபியன் சென்ற கப்பல்களில் நூற்றுக்குச் சராசரி பதினேழு பேர் வழியிலேயே இறந்தனர். வாந்திபேதியும் சீதபேதியும் அதற்கு முக்கியக் காரணங்கள். வாந்திபேதிக் கிருமியை ராபர்ட் காக் கல்கத்தாவின் குளமொன்றில் கண்டது 1884இல்தான். அதற்கு முன்பு கெட்ட காற்றையும், ஏறிவந்த மக்களின் பழக்கவழக்கங்களையும் அதிகாரிகள் குறை கூறியது வழக்கமாக இருந்தது. அவர்கள் குடித்த நீரை ஏற்றியவர் யார் என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று.

1856 ஜனவரியில் கல்கத்தாவிலிருந்து வந்த 'ஹைதரி', 'ஃபத்தே முபாரக்' என்னும் இரு கப்பல்களின் கூலிப் பயணிகளை, வாந்திபேதிக்கு அஞ்சிய மொரீஷியஸ் அரசு கேப்ரியல் என்னும் சிறு தீவில் இறக்கிவிட்டது. நல்ல கூரையும் போதிய உணவும் நீரும் இல்லாத அத்தீவில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாஹியானுக்கு நேராமல் போனது இவர்களுக்கு நேர்ந்தது. அவ்வாண்டிலேயே இந்திய அரசு மொரீஷியசுக்கு ஆள் அனுப்புவதைச் சில காலம் நிறுத்தி வைத்தது. மொரீஷியஸ் மரபில் வந்த பிரெஞ்சு நாவலாசிரியர் லெ கிளேசியோ 1995இல் வெளியிட்ட 'குவாரண்டைன்' நாவல் இத்தீவுகளின் தனிமைப்படுத்தல் வரலாற்றைத் தளமாகக் கொண்டது. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்த பிறகேனும் இக்கதை நம்மிடம் பேசப்பட்டிருக்க வேண்டும்.

இதற்கிடையே நீராவி இயந்திரம் தண்ணீர்க் கணக்கை மாற்றத் தொடங்கியது. கொதிகலன் இருக்கும் கப்பலில் கடல்நீரை ஆவியாக்குவது தனிச் சிரமமன்று. வடித்த நீரில் காற்று இல்லாததால் அது சப்பென்றிருந்தது. 1851இல் அல்ஃபோன்ஸ் நார்மண்டி காப்புரிமை பெற்ற கருவி, வடித்த நீரில் காற்றைக் கலந்து அக்குறையையும் போக்கியது. காலப்போக்கில் கூலிக் கப்பல்களிலும் வடிகருவி இடம்பெற்றது. பாய்மரக் கப்பல்கள்கூட அதைச் சுமந்து சென்றன. ஆற்றுநீரை நம்பியிருக்க வேண்டிய நிலை குறைந்தது. பயண மரணங்களும் குறைந்தன. ஒரு கருவியால் விளைந்த நன்மை இது என்பதில் ஐயமில்லை. ஆனால் கருவி கண்டுபிடிக்கப்பட்ட ஆண்டுக்கும் அது கூலியின் தாகத்துக்கு வந்து சேர்ந்த ஆண்டுக்கும் இடையே எத்தனையோ உடல்கள் கடலில் இறக்கப்பட்டன என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கூலிக் கப்பலின் தண்ணீரில் இன்னொரு வரலாறும் கலந்திருக்கிறது. ஏறும்போது ஒவ்வொருவருக்கும் தகரத் தட்டும் ஒரு லோட்டாவும் தரப்பட்டன. ஊரில் இவருக்கு ஒரு கிணறு, அவருக்கு ஒரு கிணறு என்றிருந்தவர்கள் இங்கே ஒரே தொட்டி நீரை அந்த லோட்டாவில் வாங்கிக் குடித்தனர். இதை சமத்துவம் என்று கொண்டாட எனக்குத் தயக்கமுண்டு. கப்பலின் சமையற்காரர்களை உயர்சாதியினரிலிருந்து தேர்ந்தெடுக்கும் வழக்கம் இருந்தது. ஒரே தொட்டி என்பது கம்பெனியின் சிக்கனமேயன்றிக் கொள்கையன்று. ஆயினும் அந்த நெருக்கடியிலிருந்தே 'ஜஹாஜி பாய்', அதாவது கப்பல் சகோதரன் என்னும் புதிய உறவுமுறை பிறந்தது. கரீபியன் தீவுகளில் அவ்வுறவு இரத்த உறவுக்கு நிகராகத் தலைமுறைகளுக்கு நீடித்தது. இங்கே கரையில் என்ன நடந்துகொண்டிருந்தது? ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது 1917இல் நின்றது. அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 1927 மார்ச் 20ஆம் நாள், மகாத் நகரத்துச் சவதார் குளத்தில் ஒரு கை நீரை அள்ளிக் குடிப்பதற்கு அம்பேத்கர் ஒரு போராட்டமே நடத்த வேண்டியிருந்தது. கப்பலில் கட்டாயத்தால் நேர்ந்ததைக் கரையில் உரிமையாகக் கேட்டபோது அடிதடி நிகழ்ந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கடல்நீரைக் குடிநீராக்கும் கலை மற்றொரு படி ஏறியது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப், ஸ்ரீநிவாச சௌரிராஜன் ஆகிய இருவரும் 1960ஐ ஒட்டி உருவாக்கிய சவ்வு, காய்ச்சாமலேயே உப்பைப் பிரிக்கும் எதிர்ச் சவ்வூடுபரவல் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் வீட்டுச் சமையலறையில் 'ஆர்.ஓ.' என்று அழைக்கப்படுவது அம்முறையே. அவ்விருவரில் ஒருவர் இந்தியாவில் பிறந்தவர். திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் திருப்பெயரைத் தம் பெயரில் கொண்டவர். நம் பாடநூல்கள் அவரை இன்னும் பரவலாக அறிமுகம் செய்யவில்லை என்பது என் ஆதங்கம்.

இன்றைய சொகுசுக் கப்பல் ஒரு மிதக்கும் ஊர். அதற்கு வேண்டிய நீரில் ஒரு பகுதி துறைமுகத்தில் ஏற்றப்படுகிறது; மற்றொரு பகுதி கடலிலேயே செய்யப்படுகிறது. இயந்திரத்தின் வீண் வெப்பத்தைக் கொண்டு, காற்றழுத்தத்தைக் குறைத்த கலனில் கடல்நீரைக் குறைந்த சூட்டிலேயே ஆவியாக்குவார்கள். அல்லது சவ்வின் வழியே அழுத்திப் பிழிவார்கள். பின்னர் தாது உப்புகளைச் சேர்த்து, குளோரின் கலந்து, தனிக் குழாய்களில் அனுப்புவார்கள். அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களுக்கு அந்நாட்டுச் சுகாதார அமைப்பு வகுத்துள்ள விதிகளின்படி, குழாயின் கடைக்கோடியிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனமும் கப்பல் சுகாதாரத்துக்கென 1967இலேயே வழிகாட்டி நூல் வெளியிட்டது. அறைக் குழாயில் வருவது பெரும்பாலும் நம் நகரங்களின் குழாய்நீரைவிட அதிகம் சோதிக்கப்பட்ட நீர். இருந்தும் புட்டித் தண்ணீர் தனிக் கட்டணத்துக்கு விற்கப்படுகிறது. மக்கள் வாங்கவும் செய்கின்றனர். பஞ்சம் தீர்ந்த இடத்திலும் தண்ணீர் தரம் பிரிக்கப்படுகிறது.

2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் பயணம் தொடங்கி வைக்கப்பட்டது. தகர லோட்டாவுடன் நம்மவர் கப்பலேறிய அதே கரை. நூற்றறுபது ஆண்டுகளில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று மகிழ்வதில் தவறில்லை. அடித்தளத்தில் உழைக்கும் கப்பல் பணியாளருக்கும் நல்ல உணவும் குடிநீரும் இலவசமாகத் தரப்பட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை விதித்திருப்பதும், அது 2013இல் நடைமுறைக்கு வந்ததும் அந்த மகிழ்ச்சியில் சேர்க்கத்தக்கவையே.

ஆனால் கணக்கேடு அத்துடன் மூடப்படவில்லை. 2015 மே மாதம் அந்தமான் கடலில், ரோஹிங்கியா அகதிகளும் வங்கதேசத்தவரும் நிறைந்த படகுகள் உணவும் குடிநீரும் இன்றி வாரக்கணக்கில் மிதந்தன. கடத்தல்காரர்கள் கைவிட்டுப் போயினர். கரை நாடுகள் ஏற்க மறுத்தன. தாய்லாந்துக் கடற்படை ஒரு படகுக்கு உணவும் தண்ணீரும் போட்டுவிட்டு, அதைத் தன் எல்லைக்கு அப்பால் செலுத்திவிட்டது. கடல்நீரை நன்னீராக்கும் கருவி ஒன்றுக்கு இரண்டாய்ப் பொருத்திய உல்லாசக் கப்பல்கள் உலவும் கடல் வட்டாரத்தில்தான் இது நடந்தது.

கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க மனிதன் கற்றுக்கொண்டுவிட்டான். அதற்கு அரிஸ்டாட்டில் முதல் சௌரிராஜன்வரை இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகள் ஆயின. தண்ணீரை அளப்பதற்கு முன் எதிரில் நிற்பவன் பயணியா, சரக்கா, சுமையா என்று பார்க்கும் பழக்கத்தைப் பிரித்தெடுக்கும் சவ்வு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.